பட்டோலை: சொன்னவரும் எழுதினவரும்

தச்சநல்லூர் முதலாகத் திருநெல்வேலிச் சுற்றுப்புறத்துத் தொடக்கப் பள்ளிகளில் ‘சொல்வதெழுதுதல்’ என்றொரு பயிற்சி உண்டு. ஆசிரியர் ஒரு சொல்லைச் சொல்வார். மாணாக்கன் பிழையற எழுதவேண்டும். கூட்டினாலும் குறைத்தாலும் மதிப்பெண் போகும். எழுதுகிற பிள்ளைக்கு அங்கே வேண்டுவன செவியும் கையுமே. சொல்லப்பட்டதைப் பற்றி அவனுக்கு ஓர் அபிப்ராயம் இருக்கவேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. அதே ஊரிலிருந்து பொருநையின் போக்கிலே கிழக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் சென்றால் ஆழ்வார்திருநகரி. ஒருவர் சொல்ல மற்றொருவர் எழுதுதல் என்னும் இச்செயலுக்கு வேறொரு பொருளைக் கொடுத்த ஸம்ப்ரதாயத்தின் பிறப்பிடம் அது. நம் பூர்வாசார்யர்களின் வியாக்கியானங்களில் தலையாயவை இவ்வகையில் பிறந்தவையே. ஆயினும் அவற்றை எழுதிக்கொண்டவர்களைப் பற்றி நாம் பேசுவது குறைவு. ‘எழுதிக்கொண்டார்’ என்ற ஒரு வினைச்சொல்லோடு அவர்களை விட்டு மேலே போய்விடுகிறோம்.

இதற்கு நம் பெரியோர் வழங்கிய சொல் ‘பட்டோலை’. அரசாணை, ஜாபிதா, முதன்முதலில் எழுதப்பட்ட படி என்று இச்சொல்லுக்குப் பல பொருள்கள் உண்டு. ‘பட்டோலை கொள்ளுதல்’ என்றால் ஒருவர் வாயால் அருளிச்செய்ய மற்றொருவர் ஓலையில் எழுதிக்கொள்ளுதல். சொல்லிலேயே அரசவையின் வாசனை இருப்பதைக் கவனிக்க வேண்டும். சோழர் ஆட்சியில் அரசன் வாய்ச்சொல்லே ஆணை. அதைக் கேட்டு அறிவிப்பவர் ‘திருவாய்க்கேள்வி’. எழுதுபவர் ‘திருமந்திர ஓலை’. எழுதியதைப் பார்த்து ஒப்புபவர் ‘திருமந்திர ஓலைநாயகம்’. முதலாம் இராசராசன் தன் 26ஆம் ஆட்சியாண்டில், தானும் தன் தமக்கையும் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றைக் கல்லில் வெட்டுமாறு ஆணையிட்ட செய்தியைத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு சொல்லுகிறது. அரசன் அவ்வாறு ‘திருவாய் மொழிந்தருளினான்’ என்பதே அங்குள்ள வாசகத்தின் கருத்து. உடையவர் திருவவதாரத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முற்பட்டது அந்தக் கல்வெட்டு. அரசவை எழுத்தாளன் ஒருவன், ‘இது எனக்கு உடன்பாடன்று’ என்று எழுத்தாணியைக் கீழே வைத்ததாக எந்தக் கல்வெட்டும் சொல்லாது. வைத்திருந்தால் அவன் பெயர் கல்லில் ஏறியிராது.

அதே ‘திருவாய்மொழி’ என்ற சொல் குருகூரில் ஒரு பிரபந்தத்தின் திருநாமமாக நிற்கிறது. இங்கே சொல்லுகிற வாய் யாருடையது என்பதே முதல் கேள்வி. ஏழாம் பத்தின் ஒன்பதாம் திருவாய்மொழியில் ஆழ்வார், எம்பெருமான் தம்மைக் கருவியாகக் கொண்டு தன்னைத் தானே இன்தமிழில் பாடிக்கொண்டான் என்று உருகுகிறார். அங்ஙனமாயின் ஆழ்வாரும் ஒரு பட்டோலைக்காரரே. சொல்லுகிறவன் அவன், எழுத்தோலை இவர் நாவு. ஆனால் அத்திருவாய்மொழியின் இரண்டாம் பாசுரத்தை ஊன்றிப் பார்த்தால் இன்னொன்று தெரியும். பாடியவன் அவனாயிருந்தும், ஆழ்வாருடைய சொல்லைக் கொண்டே, ஆழ்வார் பாடிய கவி என்று உலகம் சொல்லும்படி அவன் செய்துவைத்தானாம். தானே சொல்லி, எழுதினவன் பெயரால் வழங்கச்செய்யும் தலைவன்! இந்த உதவிக்குக் கைம்மாறு இம்மையிலும் மறுமையிலும் காணேன் என்று அத்திருவாய்மொழி தலைக்கட்டுகிறது. பிற்காலத்து ஆசார்யர்கள் தம் சீடர்களின் எழுத்தை நடத்திய விதத்துக்கு இதுவே மூலம் என்பது என் துணிபு.

திருக்கோளூர் மதுரகவிகள் திருப்புளியடியில் நின்று ஆழ்வார் பாசுரங்களைப் பட்டோலை கொண்டார் என்பது வழக்கு. எழுத்தாணியும் ஓலையுமாக அவரைச் சித்திரிப்பதும் உண்டு. ஆனால் மதுரகவிகளே அருளிச்செய்த 11 பாசுரங்களில் ஓலையோ எழுத்தோ பேசப்படவில்லை. நாவும் பாட்டும் பாடித்திரிதலுமே பேசப்படுகின்றன. நாதமுனிகள் ஐதிஹ்யமும் இதற்கு இசைந்ததே. ஆராவமுதன் விஷயமான திருவாய்மொழியைச் சேவித்தவர்களிடம், ‘ஆயிரத்துள் இது பத்தானால் மற்றவை எங்கே?’ என்று கேட்டு, விடையின்றிக் குருகூர் வந்தார் அவர். அங்கே பராங்குசதாஸரிடம் கிடைத்தது சுவடி அன்று. மதுரகவிகளின் பிரபந்தம் மட்டுமே, அதுவும் வாய்வழியாக. அதை 12,000 உரு சொல்லி, யோகத்திலே ஆழ்வாரிடமிருந்தே நாலாயிரமும் பெற்றார் என்பர். முதற் பட்டோலை ஒன்று இருந்திருந்தால் அது நாதமுனிகள் காலத்துக்குள் மறைந்துபோயிற்று என்றே கொள்ளவேண்டும். அதனை மீட்டது ஓலை அன்று, உரு. எழுத்து போனாலும் குரல் போகாது என்ற நம்பிக்கை அன்றே ஸம்ப்ரதாயத்தில் வேரூன்றியது. அதற்கு நாம் பின்னர் ஒரு விலையும் கொடுத்தோம்.

குரலைக் கேட்பவன் எவ்வளவு கேட்கலாம் என்ற கேள்வி உடையவர் காலத்தில் எழுந்தது. திருமாலையாண்டான் எம்பெருமானார்க்குத் திருவாய்மொழிப் பொருள் அருளிச்செய்து வருகையில், இரண்டாம் பத்து மூன்றாம் திருவாய்மொழியின் மூன்றாம் பாசுரத்தை ஆழ்வாருடைய வருத்தமாக வைத்துப் பொருள் சொன்னார். முன்னும் பின்னும் உவகையாயிருக்க நடுவே வருத்தம் பொருந்தாது, இது உபகார ஸ்மிருதி என்றார் உடையவர். ஆளவந்தாரிடம் தாம் கேளாத பொருள் இது, ‘விச்வாமித்ர ஸ்ருஷ்டி’ என்று சொல்லி ஆண்டான் பாடத்தையே நிறுத்திவிட்டார். திருக்கோட்டியூர் நம்பி வந்து, இப்பொருளை ஆளவந்தார் அருளிச்செய்யத் தாம் கேட்டதுண்டு என்று ஸாக்ஷி சொன்ன பின்பே பாடம் தொடர்ந்தது. தாம் ஆளவந்தார்க்கு ஏகலவ்யனைப் போலே என்றாராம் உடையவர். இதில் ஆண்டானைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேட்டதை மட்டுமே சொல்வேன் என்ற அவர் பிடிவாதம் இல்லாதிருந்தால், ஆளவந்தார் நிர்வாஹம் இன்னது என்று பிரித்துக்காட்ட நமக்கு வழியே இருந்திராது.

உடையவரே சொல்லுகிறவராக அமர்ந்தபோது விதி தலைகீழாயிற்று. ஸ்ரீபாஷ்யம் அருளிச்செய்யத் தொடங்குகையில் கூரத்தாழ்வானிடம் அவர் வைத்த ஏற்பாடு பிரசித்தம்: சொல்லுவது உமக்கு ஸம்மதமாயின் எழுதும், இல்லையாகில் எழுத்தாணியை நிறுத்தும். ஆழ்வான் வாய்திறந்து மறுக்க வேண்டியதில்லை. கை நின்றால் போதும். ஜீவாத்மாவின் ஸ்வரூபத்தை ஜ்ஞாத்ருத்வம் ஒன்றையிட்டு அவர் நிரூபித்தபோது ஆழ்வானின் கை நின்றது. அறிவுடைமை இருந்தென், அது எம்பெருமானுக்கே சேஷம் என்பது சொல்லப்படாவிடில் என்பது அவர் திருவுள்ளம். உடையவர் சீற்றங்கொண்டு, ‘ஆகில் நீரே பாஷ்யம் எழுதும்’ என்று காலால் தள்ளி எழுந்துபோனார். பின்பு தனியே ஆராய்ந்து, சீடன் நிறுத்தியதே சரி என்று கண்டு மீண்டுவந்தார். இது பற்றி உம் எண்ணம் என்ன என்று பக்கத்திலிருந்தவர்கள் கேட்டதற்கு, உடைமையை உடையவன் வேண்டியபடி செய்யலாம், அதில் உடைமைக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்றாராம் ஆழ்வான். அவர் எதற்காக எழுதாமல் நின்றாரோ அந்தச் சேஷத்வமே அந்த விடையிலும் இருக்கிறது.

இந்த ஐதிஹ்யத்தைச் சீடனின் பொறுமைக்கு உதாரணமாகவே பெரும்பாலும் சொல்லுகிறோம். சரித்திர நோக்கில் அதைவிட முக்கியமானது அந்த ஏற்பாடு. தம் மகாகிரந்தத்தின் முதல் ஓலையிலேயே, எழுதுகிறவனுக்கு நிறுத்தும் உரிமையைக் கொடுத்தார் உடையவர். அரசவைத் திருமந்திர ஓலைக்கு இல்லாத உரிமை அது.

ஓலையின் இயல்பை அறியாமல் இவ்விஷயத்தை மேலே கொண்டுபோக முடியாது. பதப்படுத்திய பனையோலையை இடக்கையில் பிடித்து, எழுத்தாணி நுனியால் கீறி எழுதுவது பேச்சின் வேகத்துக்கு ஒருபோதும் ஈடுகொடுக்காது. செய்யுளாயின் ஓரளவு முடியும்; திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடல்களை இயற்றிச் சொல்லச் சொல்ல மாணாக்கர்கள் ஏட்டில் எழுதிவந்ததை உ.வே. சாமிநாதையர் நமக்கு விரிவாகச் சொல்லிவைத்திருக்கிறார். யாப்பே அங்கே எழுதுபவனுக்குக் கைகொடுக்கும். காலட்சேப வசனத்துக்கு அந்த உதவி இல்லை. மேலும் ஓலை கிழியுமென்று புள்ளி வைப்பதில்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே வடிவு. காலும் ரகரமும் ஒரே கோடு. எனவே பட்டோலை என்பது அதன் பொருளை முன்பே கேட்டவனுக்குத்தான் முழுதும் பேசும். கேளாதவன் கையில் அது பாதி ஊமை. சுவடி பதிப்பித்தவர்கள் பட்ட பாடு இதற்குச் சான்று. ஆசார்யன் திருவடியில் கேளாமல் கிரந்தத்தைத் தானே வாசிக்கலாகாது என்ற விதிக்கு ஸம்ப்ரதாய காரணம் ஒருபுறமிருக்க, இப்படியொரு கைத்தொழிற் காரணமும் உண்டு என்பதை மறுக்க இயலாது.

திருவாய்மொழி வியாக்கியானங்களை நாம் படிக்கணக்கால் அழைப்பதும் இந்த எழுத்துவேலையின் அடையாளமே. 32 எழுத்துக் கொண்டது ஒரு படி. திருக்குருகைப்பிரான் பிள்ளானின் ஆறாயிரப்படி 1,92,000 எழுத்தாகும். ஈடு முப்பத்தாறாயிரப்படி 11,52,000 எழுத்து. திருவாய்மொழிப் பாசுரங்கள் 1,102 என்பதால், பாசுரம் ஒன்றுக்கு ஆயிரம் எழுத்துக்குச் சற்று மேல். ஒற்றெழுத்தை விட்டே இக்கணக்கு. இவ்வளவையும் ஒருவர் இரவிலே, நினைவிலிருந்து, எவரும் ஏவாமல் எழுதினார் என்பதை மனத்தில் வாங்கிக்கொண்டு அடுத்த ஐதிஹ்யங்களைப் படிக்கவேண்டும்.

முதலில் நஞ்சீயர். பட்டர் நியமனத்தால் ஒன்பதினாயிரப்படியை அருளிச்செய்த அவர், அதை நல்ல கையெழுத்தில் ஒரு படி எடுக்க ஆள் தேடினார். நம்பூர் வரதராஜர் என்பவர் அழகாக எழுதுவார் என்றார்கள். கையெழுத்து அழகாயிருந்தால் போதாது என்று அவரை முதலில் சீடராக்கி, வியாக்கியானம் முழுவதையும் ஒருமுறை சொல்லிவைத்து, பின்பே சுவடியைக் கையில் கொடுத்தார். வரதராஜர் தம் ஊருக்குச் செல்லக் காவிரியைக் கடக்கையில் வெள்ளம் பெருகி, தலையில் வைத்திருந்த சுவடியை அலை கொண்டுபோயிற்று. வேறு படி இல்லை. அவர் வெற்றோலை எடுத்து, கேட்டதை நினைவிலிருந்து எழுதினார். எழுதுகையில் தமக்குத் தோன்றிய விசேஷார்த்தங்களும் ஆங்காங்கே சேர்ந்துகொண்டன. திரும்ப வந்து ஸமர்ப்பித்ததை நஞ்சீயர் அவிழ்த்துப் பார்த்தார். தாம் எழுதாத பொருள்கள் இருக்கின்றன, அழகாகவும் இருக்கின்றன. நடந்ததைச் சீடர் அஞ்சி அஞ்சிச் சொல்ல, ஆசார்யர் அவரை அணைத்துக்கொண்டு ‘நம்பிள்ளை’ என்றும் ‘திருக்கலிகன்றி தாஸர்’ என்றும் திருநாமம் சாற்றினார்.

பள்ளிக்கூடத்துச் சொல்வதெழுதுதலில் இதற்கு மதிப்பெண் பூஜ்யம்.

நம்பிள்ளையின் காலட்சேபத்தை வடக்குத் திருவீதிப் பிள்ளை பகலில் கேட்டு இரவில் எழுதிவந்தார். ஒருநாள் ஆசார்யரைத் தம் திருமாளிகைக்கு எழுந்தருளப்பண்ணினார். திருவாராதனத்துக்கு நம்பிள்ளை கோயிலாழ்வாரைத் திறந்தபோது உள்ளே ஒரு சுவடிக்கட்டு. பிரித்தார்; வாசித்தார்; தம் குரலே ஓலையில் இருந்தது. இது என்ன என்று கேட்க, மறவாமைக்காக எழுதிவைத்தேன் என்று பிள்ளை விண்ணப்பித்தார். பெரியவாச்சான் பிள்ளைக்கு நாம் எழுதும்படி நியமித்திருக்க, நீர் நியமனமின்றி எழுதியது என்ன என்று நம்பிள்ளை சீறி, சுவடியை வாங்கிக்கொண்டார். தாம் முன்பு சேர்த்தெழுதியதற்காக அணைக்கப்பட்டவர், தம் சீடர் ஒன்றும் சேர்க்காமல் எழுதியதற்காகச் சீறுகிறார். மேற்போக்காகப் பார்த்தால் இது முரண். உள்ளே முரணில்லை. வரதராஜர் எழுத ஏவப்பட்டவர்; ஏவலுக்குள்ளே அவர் கைக்கு இடம் இருந்தது. பிள்ளையின் கை, இருபத்து நாலாயிரப்படி எழுத ஏவப்பட்ட இன்னொரு கையின் இடத்துக்குள் அறியாமல் புகுந்தது. நம் ஸம்ப்ரதாயம் எழுதுபவனிடம் கேட்கும் முதற்கேள்வி ‘சரியாக எழுதினாயா’ என்பதன்று; ‘யார் சொல்லி எழுதினாய்’ என்பது.

ஆனாலும் நம்பிள்ளை சுவடியை ஆற்றில் விடவில்லை. பின்பு அதை ஈயுண்ணி மாதவப் பெருமாள் கையில் கொடுத்தார். பிள்ளை எழுதியதையும், ‘தாரும்’ என்று நம்பிள்ளை வாங்கியதையும், மாதவர்க்குக் கொடுத்ததையும் மணவாள மாமுனிகள் உபதேச ரத்தினமாலையில் ஒளிக்காமல் பதிவுசெய்திருக்கிறார். ஈட்டை வாசித்தால் அது இரவில் நினைவிலிருந்து எழுதப்பட்டது என்பது பல இடங்களில் தெரியும். நடுவே யாரோ கேள்வி கேட்கிறார். பட்டர் இப்படி அருளிச்செய்வர் என்று ஒரு நிகழ்ச்சி குறுக்கே வருகிறது. ‘இத்தை’, ‘அத்தை’ என்று பேச்சின் உருவங்கள் அப்படியே நிற்கின்றன. ஒரே சொல்லுக்கு ஆளவந்தார் நிர்வாஹமும் எம்பெருமானார் நிர்வாஹமும் அடுத்தடுத்து வைக்கப்படுகின்றன. எழுதத் தொடங்கியிருந்தால் ஒருவர் இவற்றைச் சீர்ப்படுத்தியிருப்பார். பிள்ளை சீர்ப்படுத்தவில்லை. ஏவலின்றி எழுதியது குற்றமானால், அந்தக் குற்றத்துக்குத்தான் நம்பிள்ளை கோஷ்டியின் குரல் இன்றும் நம் செவியில் விழுவதற்காக நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இதே அளவில், இதே முறையில், ஸ்ரீபாஷ்யத்துக்கும் ஓர் உரை எழுந்தது. நடாதூரம்மாள் காலட்சேபத்தைக் கேட்டு ஸுதர்சன ஸூரி எழுதியது அது. அவர் இட்ட பெயர் ‘ச்ருதப்ரகாசிகை’, கேட்கப்பட்டதன் விளக்கம். தலைப்பிலேயே கேள்விக்கு முதலிடம். ஸ்ரீரங்கத்தின்மேல் 1323இல் நேர்ந்த படையெடுப்பின்போது, அச்சுவடியை வேதாந்த தேசிகர் காத்துக்கொண்டு போனார் என்பது அறிந்ததே.

ஈட்டுக்கு நேர்ந்த அபாயம் அதனினும் பெரிது என்பேன். ஈயுண்ணி மாதவர் அதைத் தம் குமாரர் பத்மநாபப் பெருமாளுக்குச் சொன்னார். அவர் நாலூர்ப் பிள்ளைக்கு. அவர் தம் குமாரர் நாலூராச்சான் பிள்ளைக்கு. தலைமுறைக்கு ஒருவர் என்று ஓராண்வழியாகவே அது வந்தது. அந்த ஒற்றை இழைக்கு நடுவே தான் கோயில் சூறையாடப்பட்டதும், நம்பெருமாள் ஊர் ஊராக எழுந்தருளியதும், குருகூரில் ஆழ்வார் திருமேனியே இடம்பெயர நேர்ந்ததும். ஒருவர் வழியில் மாண்டிருந்தால் ஈடு இன்று பெயரளவில் நின்றிருக்கும். நியமனத்தைக் காத்த ஏற்பாடு கிரந்தத்தைக் காக்கும் ஏற்பாடாக இருக்கவில்லை; எழுத்து போனாலும் குரல் போகாது என்ற பழைய நம்பிக்கையின் விலை இதுவே. இப்படிச் சொல்வது பூர்வர்களிடம் அபசாரமாகாது என்று நம்புகிறேன். விலையை அவர்களே அறிந்திருந்தார்கள்.

இழை அறவில்லை. குருகூரைத் திருத்தி ஆழ்வாரை மீண்டும் எழுந்தருளப்பண்ணிய திருவாய்மொழிப் பிள்ளை, நாலூராச்சான் பிள்ளையிடம் ஈடு கேட்டு, அதைப் பொருநைக்கரைக்குக் கொண்டுவந்தார். அவரிடம் கேட்டவர் 1370இல் ஆழ்வார்திருநகரியில் அவதரித்த மாமுனிகள். குருகூரிலிருந்து குரலாகப் புறப்பட்டது, சுமார் ஐந்து நூற்றாண்டு கழித்துப் பொருளோடு கூடிய ஓலையாக அவ்வூருக்கே திரும்பிற்று. மாமுனிகள் ஓராண்வழியை விட்டுவிட்டார். திருவரங்கத்தில் நம்பெருமாள் திருமுன்பே ஓராண்டு முழுவதும் ஈட்டைப் பலரும் கேட்கச் சொன்னார். அதன் பின்பு படிகள் பெருகின.

பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை இட்ட வியாக்கியானத்தில் பெரும்பகுதி அதற்குள் அழிந்துபோயிருந்தது; செல்லரித்தது என்பர். மாமுனிகள் அதற்கு உரை எழுத அமர்ந்தார். பெரியாழ்வார் பிரபந்தம் முழுவதற்கும் புதிதாக எழுத அவர்க்கு ஞானமும் இருந்தது, அதிகாரமும் இருந்தது. அழிந்த பாசுரங்களுக்கு மட்டும் எழுதினார். பிள்ளையின் ஓலை மீண்டும் தொடங்குகிற இடம் வந்ததும் எழுத்தாணியை வைத்துவிட்டார்.